கடலில் விழுந்த ராக்கெட் பூஸ்டரைக் கரைசேர்ப்பது எப்படி: முழு வழிகாட்டி

நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலம் கிளம்பும் பழைய வீடியோ ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆனதும், பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைத் தூண்கள் கழன்று விலகும். கேமரா ஷட்டிலின் பின்னாலேயே மேலே போய்விடும். கழன்றவை என்ன ஆயின என்று பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். எனக்கு எப்போதும் பூஸ்டர் எனப்படும் அந்த இரண்டு தூண்கள் மேல்தான் கண். கிளம்பிய ஏழாவது நிமிடத்தில் அவை அட்லாண்டிக் கடலில் விழும், அங்கே காத்திருக்கும் இரண்டு கப்பல்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக் கட்டி இழுத்து வரும், அப்புறம் கழுவி, பிரித்து, சோதித்து, மருந்து நிரப்பி மறுபடி பறக்க வைப்பார்கள். 1981 முதல் 2011 வரை 135 பயணம், பயணத்துக்கு இரண்டு வீதம் 270 பூஸ்டர். திரும்பி வராதவை நான்கே நான்கு.

அந்த வேலையை முதலிலிருந்து கடைசி வரை படிப்படியாகச் சொல்கிறேன். ராக்கெட் மீட்பு என்றால் இன்று எல்லோருக்கும் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் நின்று இறங்குவதுதான் நினைவுக்கு வருகிறது, அதைப் பற்றி ஏராளமாக எழுதியும் விட்டார்கள். உப்புத் தண்ணீருக்குள் ஆள் இறங்கி, கையால் அடைப்பான் மாட்டி, 45 மீட்டர் நீள இரும்புக் குழாயை மிதக்கவிட்டு இழுத்து வந்த கதை தமிழில் எனக்குத் தட்டுப்படவே இல்லை.

முதலில், எதை எடுக்கப் போகிறோம்?

ஷட்டிலின் திட எரிபொருள் பூஸ்டர் ஒன்று 45.5 மீட்டர் நீளம், 3.7 மீட்டர் விட்டம். கிளம்பும்போது சுமார் 590 டன் எடை, அதில் 500 டன் மருந்து. மருந்து என்று நம் பட்டாசுக்காரர்கள் சொல்லும் அதே பொருளில்தான் சொல்கிறேன்: பற்றவைத்தால் எரிந்து தீரும் வரை நிறுத்த முடியாது. ஏவுதளத்தை விட்டு எழும்போது ஷட்டிலுக்குக் கிடைக்கும் உந்துவிசையில் 71 சதவீதம் இந்த இரண்டிலிருந்துதான். இரண்டு நிமிடத்தில் மருந்து தீர்ந்ததும் மிஞ்சுவது அரை அங்குலத் தடிமனுள்ள எஃகுக் குழாய், அடியில் எரிந்த வாயு வெளியேறும் வாயான நாசில், அதைச் சுற்றிப் பாவாடை போல விரிந்த ஸ்கர்ட், உச்சியில் பாராசூட்களை அடக்கிய மூக்கு.

இந்தத் தடிமன்தான் மீட்பையே சாத்தியமாக்கியது. திரவ எரிபொருள் ராக்கெட்டின் தொட்டி மெல்லிய அலுமினியத் தகடு, அதன் எஞ்சினுக்குள் மிக நுணுக்கமான பம்புகள் இருக்கும், கடலில் விழுந்தால் தொட்டி நசுங்கும், பம்புக்குள் உப்பு ஏறும். திட பூஸ்டரின் உடம்பே அதன் எரியறை என்பதால், எரியும்போது உள்ளே எழும் அழுத்தத்தைத் தாங்கக் கட்டிய உடம்பு கடலின் அடியையும் ஓரளவு தாங்கிவிடும்.

படி 1: கப்பலை முதல் நாளே அனுப்புங்கள்

விழுந்த பிறகு தேடக் கிளம்பினால் வேலைக்கு ஆகாது. ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து பூஸ்டர் விழும் இடம் கடலுக்குள் சுமார் 225 கிலோமீட்டர். அதனால் கப்பல்கள் ஏவுதலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் முன்பே துறையை விட்டுப் புறப்பட்டுவிடும்.

இந்த வேலைக்கென்றே கட்டிய கப்பல்கள் இரண்டு. ஒன்று லிபர்ட்டி ஸ்டார், மற்றது ஃப்ரீடம் ஸ்டார். இரண்டும் ஃபுளோரிடாவிலேயே கட்டப்பட்டு, முதல் ஷட்டில் பறந்த 1981-இல் வேலைக்கு வந்தவை. 176 அடி நீளம், அதாவது 54 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நம் ஊர் ஆழ்கடல் விசைப்படகைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பின்தளத்தில் பாராசூட் சுற்றுவதற்கு நான்கு பெரிய உருளைகள், ஒரு கிரேன், இழுவை வடத்துக்கு வின்ச். கப்பல் ஊழியர்கள் பத்துப் பேர், அவர்களோடு டைவர்களும் மீட்புக் குழுவும். ஒரு கப்பலில் அதிகபட்சம் 24 பேர்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கப்பலின் பின்பக்கத்தில் இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றாமலே தண்ணீரைப் பீய்ச்சி நகரும் ஒரு நீர்த்தாரை உந்தி. கப்பல் நிற்கும் துறை பனானா ஆறு என்னும் கழியில் இருக்கிறது, அங்கே மானட்டீ என்னும் கடற்பசுக்கள் மேய்கின்றன. நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கு உறவுமுறை. படகின் புரொப்பெல்லர் பட்டு அவை காயப்படுவதும் சாவதும் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. அதே உந்திதான் நடுக்கடலில் டைவர்கள் கப்பலுக்குப் பக்கத்தில் இறங்கும்போது அவர்களையும் காப்பாற்றியது. ஒரு விலங்குக்காகச் செய்தது மனிதனுக்கும் கைகொடுத்தது.

படி 2: சரியான தூரத்தில் நில்லுங்கள்

விழும் இடத்துக்கு மிக அருகில் நின்றால் தலைமேல் விழும், மிகத் தள்ளி நின்றால் விழுந்தது நீரோட்டத்தில் நகர்ந்துவிடும். ஷட்டில் கப்பல்கள் நின்றது எட்டு முதல் பத்து கடல்மைல் தள்ளி. அந்தத் தூரத்தில் நின்றால் கண்ணுக்கும் தெரியும், 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் சேர்ந்தும் விடலாம். கண்ணை மட்டும் நம்பவில்லை. பூஸ்டரிலும் தனியாக விழும் மூக்குத் துண்டிலும் ரேடியோ சமிக்ஞை அனுப்பும் கருவியும் மின்னும் விளக்கும் பொருத்தியிருந்தார்கள்.

படி 3: அது விழுவதற்குள் என்னென்ன நடக்க வேண்டும்

இது ஆள் கைவைக்காமல் தானாக நடக்கும் பகுதி. ஆனால் இதில் ஒன்று பிசகினாலும் கப்பலுக்கு எடுக்க எதுவும் மிஞ்சாது என்பதால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 45 கிலோமீட்டர் உயரத்தில் பூஸ்டர் கழல்கிறது. கழன்றதும் கீழே வராது, மேலே எறிந்த கல் போல இன்னும் மேலே போய் 67 கிலோமீட்டர் வரை தொட்டுவிட்டுத்தான் திரும்பும். இறங்கும்போது குத்துக்குத்தாக வராமல் ஏறக்குறைய பக்கவாட்டில் படுத்தபடி வருவதால், அந்த நீண்ட உடம்பே காற்றை அடைத்து வேகத்தைக் குறைக்கிறது. சுமார் 4,800 மீட்டரில் மூக்கின் நுனி கழன்று ஒரு சிறிய பாராசூட்டை இழுக்கும், அது 16 மீட்டர் விட்டமுள்ள அடுத்த பாராசூட்டை இழுக்கும், அது பூஸ்டரை நிமிர்த்தி அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தொங்கவிடும். 1,700 மீட்டர் அளவில் அந்தப் பாராசூட் மூக்கின் கூம்புத் துண்டையும் பிய்த்துக்கொண்டு தனியே போய்விடும். அது போகும் இழுப்பில்தான் மூன்று பெரிய பாராசூட்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றும் 41 மீட்டர் விட்டம். அவை ஒரே வீச்சில் முழுதாக விரிந்தால் கிழிந்துவிடும், அதனால் விளிம்பைக் கயிற்றால் சுருக்கிக் கட்டி, படிப்படியாக அவிழ விடுவார்கள். நாசிலின் கீழ்ப்பகுதியைச் சிறு வெடிமருந்தால் வெட்டி உதறிவிடுவதும் நடுவழியிலேயே நடக்கும், இல்லாவிட்டால் தண்ணீரில் மோதும்போது அது உள்நோக்கி முட்டிச் சேதம் செய்யும்.

இவ்வளவுக்கும் பிறகு கடலைத் தொடும் வேகம் வினாடிக்கு 23 மீட்டர், மணிக்கு 83 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். பாராசூட் என்றதும் மெல்ல மிதந்து இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை. பிந்தைய பயணங்களில் பூஸ்டரிலேயே கேமரா வைத்திருந்தார்கள், அந்த வீடியோக்கள் பொதுவில் கிடைக்கின்றன, மோதும் அந்த நொடியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1982 ஜூன் 27 அன்று, நான்காவது பயணத்தில், இந்தப் படிதான் பிசகியது. தண்ணீரில் விழுந்த அதிர்ச்சியை உணர்ந்து பாராசூட்டைக் கழற்றிவிட வேண்டிய ஏற்பாடு, மேலே கூம்புத் துண்டு பிரிந்த அதிர்ச்சியையே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பூஸ்டர்களும் வேகம் குறையாமல் கடலில் அறைந்து மூழ்கிப் போயின. கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின. தொலைந்த நான்கில் இரண்டு இவை. மற்ற இரண்டைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டும்.

படி 4: ஏன் மிதக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சின்ன வயதில் செம்பைக் கவிழ்த்துத் தொட்டிக்குள் அமுக்கியிருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று அமுங்குமே தவிர வெளியேறாது, கையை எடுத்தால் செம்பு துள்ளி மேலே வரும். பூஸ்டர் மிதப்பதும் அப்படித்தான். அது நாசில் கீழே இருக்க விழுகிறது, உச்சி அடைபட்டிருக்கிறது, வெற்றுக் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஏறும், உள்ளே இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கச் சுருங்க இன்னும் ஏறும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போது பூஸ்டர் கடலில் செங்குத்தாக நிற்கும். தண்ணீருக்கு மேலே சுமார் ஒன்பது மீட்டர், மீதி எல்லாம் கீழே. மூன்று மாடி வீட்டின் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தூண் நடுக்கடலில் அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இதை அப்படியே இழுக்க முடியாது. இழுத்தால் 33 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும் அடிப்பகுதி நங்கூரம் மாதிரி தடுக்கும், துறைமுக வாயிலில் தரை தட்டும். முதலில் அதைப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு முன்னால் பாராசூட்கள்.

படி 5: பாராசூட்களை முதலில் எடுங்கள்

நனைந்த பாராசூட்டைக் கடலில் விட்டுவைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. டைவரின் காலிலோ கப்பலின் புரொப்பெல்லரிலோ சுற்றினால் முடிந்தது கதை. அதனால் கப்பல் போய்ச் சேர்ந்ததும் பூஸ்டருக்குச் சேதம் உண்டா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, முதல் வேலையாகப் பாராசூட்களை ஏற்றினார்கள்.

வலை இழுப்பதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். கயிறுகளின் நுனியைப் பிடித்து உருளையில் மாட்டி, மெதுவாகச் சுழற்ற வேண்டும். கயிறு முடிந்து துணி வரும்போது, நைலான் பட்டைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் தளத்தில் நிற்பவர்கள் கையாலேயே பிரித்துப் பிரித்துவிட வேண்டும். 41 மீட்டர் விட்டத் துணி தண்ணீரைக் குடித்தால் என்ன எடை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் அலையில் ஆடும் தளத்தில். இப்போது சிக்கலாகச் சுற்றினால் பிறகு கரையில் பிரிப்பவர் பட்டைகளைக் கிழிக்க நேரும், அந்தப் பாராசூட் அடுத்த பயணத்துக்கு உதவாது. மூன்று உருளைக்கு மூன்று பெரிய பாராசூட்.

நான்காவது உருளை, கூம்புத் துண்டோடு விழுந்த 16 மீட்டர் பாராசூட்டுக்கு. அதைச் சுற்றச் சுற்றக் கூம்பு கப்பலை நோக்கி வரும். 30 மீட்டர் அருகில் வந்ததும் கிரேன் கொக்கியை மாட்டித் தூக்கிவிடுவார்கள். கூம்பின் எடை இரண்டு டன்னுக்கு மேல், அலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் கிரேனில் தொங்கும் கூம்பு ஊசல் மாதிரி ஆட ஆரம்பிக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்தத் தூக்கல்தான் தளத்தில் நிற்பவர்களுக்கு மோசமான நேரம்.

படி 6: டைவர்களை இறக்குங்கள்

இந்த வழிகாட்டியை நான் எழுதவே காரணம் இந்தப் படிதான். 590 டன் பூஸ்டரை வானத்துக்கு அனுப்பும் அளவுக்கு இயந்திரம் இருந்தும், அதைக் கடலிலிருந்து எடுக்க மனிதக் கை தேவைப்பட்டது.

இரண்டு ரப்பர் படகுகளில் எட்டு டைவர்கள் கிளம்புகிறார்கள். அவர்களோடு ஒரு கருவியும் இழுபட்டு வருகிறது. நீளம் நாலரை மீட்டர், விட்டம் இரண்டேகால் மீட்டர், எடை ஏறத்தாழ 500 கிலோ. டைவர் மாட்டும் அடைப்பான் என்பதுதான் அதன் பெயரே. பழைய வடிவம் இன்னும் கனமானது, பின்னால் எடையைக் குறைத்துத் திருத்தினார்கள். தரையில் அரை டன் இருந்தாலும் தண்ணீருக்குள் அதன் எடை ஏறக்குறைய மறைந்துவிடும்படி அமைத்திருந்ததால், டைவர்கள் அதைக் கையாலேயே கீழே கொண்டுபோக முடிந்தது.

எங்கே கொண்டுபோக வேண்டும்? பூஸ்டரின் அடிக்கு, 33 மீட்டர் ஆழத்துக்கு. அங்கே அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு இந்த ஆழத்துக்குப் போனால், வழியில் நின்று இளைப்பாறாமல் நேரே மேலே வருவதற்கு அமெரிக்கக் கடற்படை அட்டவணை கொடுக்கும் நேரம் 20 நிமிடம்தான். அதைத் தாண்டினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஆழத்தில் அதே நைட்ரஜன் தலைக்கும் ஏறும், லேசான போதை மாதிரி. கணக்குப் போடும் புத்தி மந்தமாகும் அந்த நிலையில், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

வேலை என்னவென்றால், கீழ்நோக்கித் திறந்திருக்கும் நாசிலின் வாய்க்குள் அடைப்பானைக் கீழிருந்து ஏற்றி, அதன் மூன்று கால்களும் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும்படி பூட்டுவது. கேட்க எளிது. ஆனால் பூஸ்டர் நிலையாக நிற்கவில்லை. மேலே அலை ஏறினால் அதுவும் ஏறும், கூடவே நாசிலின் வாய் டைவரின் தலைக்கு மேல் உயர்ந்து, அடுத்த நொடி அவரை நோக்கி இறங்கும். வாய்க்குள் தண்ணீர் உறிஞ்சப்படும், துப்பப்படும். வெடித்து வெட்டுப்பட்ட விளிம்பு. எரிந்து கரியான உள்பூச்சு. அங்கே இரண்டு பேர் ஒரு கருவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தின் தாளத்தைக் கவனித்து, சரியான இறக்கத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். அந்தச் சித்திரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

முதல் குழு பூட்டிவிட்டு மேலே வரும், அடுத்த குழு இறங்கிச் சோதிக்கும், கப்பலிலிருந்து வரும் காற்றுக் குழாயை அடைப்பானில் இணைக்கும். அந்தக் குழாயின் நீளம் 2,000 அடி, 600 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளம் எதற்கு என்றால், பூஸ்டர் அடுத்து செய்யப் போகும் காரியத்தின்போது கப்பல் பக்கத்தில் இருக்கக் கூடாது.

படி 7: காற்றை ஏற்றிப் படுக்கவையுங்கள்

டைவர்கள் விலகியதும் கப்பலின் கம்ப்ரசர் காற்றைத் தள்ள ஆரம்பிக்கிறது. உள்ளே காற்று ஏற ஏறத் தண்ணீர் வெளியேறும், தூண் மெதுவாக உயரும். ஒன்பது மீட்டராகத் தெரிந்தது பத்தாகும், பதினைந்தாகும், இன்னும் வளரும். கடலுக்குள்ளிருந்து ஒரு கோபுரம் முளைப்பது போல. ஒரு கட்டத்தில் மேல்பாரம் கூடி நிலைகுலைந்து ஒரு பக்கமாகச் சாயும், அப்புறம் சடாரென்று விழுந்து மரக்கட்டை மாதிரி படுத்துக்கொள்ளும்.

அடைப்பான் ஏன் தேவை என்பது இப்போது புரியும். காற்றை மட்டும் ஊதினாலும் தூண் உயரும்தான். ஆனால் சாய்ந்த அந்த நொடியில், செம்பைச் சாய்த்தால் குபுக்கென்று காற்று வெளியேறித் தண்ணீர் புகுமே, அதே நடக்கும். வாய் அடைபட்டிருந்தால்தான் படுத்த பிறகும் காற்றை ஏற்றிக்கொண்டே போய் மிச்சத் தண்ணீரையும் வெளியேற்ற முடியும்.

படி 8: கட்டி இழுங்கள்

தண்ணீர் முழுக்க வெளியேறிய பிறகு இழுவை வடத்தை மாட்டி, டைவர்களை ஏற்றிக்கொண்டு, கேப் கனாவரல் துறைமுகம் நோக்கித் திரும்ப வேண்டும். நடுக்கடலில் பூஸ்டர் கப்பலுக்குப் பின்னால் நீண்ட வடத்தில் வரும். துறைமுகத்தை நெருங்கியதும் அப்படி இழுக்கக் கூடாது, வால் இரண்டு பக்கமும் அலைந்து எதிலாவது மோதும். அங்கே நிறுத்தி, பூஸ்டரைக் கப்பலின் இடுப்போடு அணைத்துக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கோலத்தில் தூக்குப்பாலத்தைக் கடந்து, நீர்மட்டம் சமன்செய்யும் மதகைக் கடந்து, பனானா ஆற்றில் மெல்ல ஊர்ந்து ஹேங்கர் ஏஎஃப் என்னும் கொட்டகைக்குப் போக வேண்டும். மானட்டீக்கள் இருக்கும் தண்ணீர் இதுதான்.

படி 9: கரையில் ஏற்றி ஆபத்தை நீக்குங்கள்

கொட்டகை முன்னால் தண்ணீருக்குள் நீளும் ஒரு கால்வாய். அதன் இரு கரையிலும் கால் வைத்து நிற்கும் கிரேன் பூஸ்டரைத் தூக்கி ரயில் வண்டியின் மேல் வைக்கும். ஆசையோடு கிட்டே போய்த் தொட்டுவிடக் கூடாது. நாசிலைத் திருப்பும் பொறிக்கு எரிபொருளாக ஹைட்ரசீன் இருந்தது. அதன் மிச்சம் உள்ளே இருக்கலாம், மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் விஷம். வழிதவறினால் வெடித்து அழிக்க வைத்திருந்த வெடிமருந்தும் வெடிக்காமல் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் நீக்கிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம்.

அப்புறம் கழுவுவது. உப்பைக் காயவிட்டால் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் இதில் தாமதம் கூடாது. மேலே ஒட்டிய வெப்பக்காப்பு நுரையை மிகுந்த அழுத்தமுள்ள நீர்த்தாரையால் உரித்துவிடுவார்கள். பாராசூட்கள் அதற்கென்று இருக்கும் தனிக் கட்டடத்தில் துவைபட்டு, உலர்ந்து, கிழிசல் தைக்கப்பட்டு, மறுபடி மடிக்கப்படும். எஃகு உறைகள் ரயிலேறி நாட்டின் மறுகோடியில் இருக்கும் யூட்டா மாநிலத்துக்குப் போகும், அங்கே விரிசல் பார்த்து, நீர் அழுத்தச் சோதனை செய்து, புதிதாக மருந்து வார்ப்பார்கள். ஒரு உறையை 20 தடவை பயன்படுத்தலாம் என்பது வடிவமைப்புக் கணக்கு.

படி 10: திரும்பி வந்ததைப் படியுங்கள்

இவ்வளவு பாடுபட்டு எடுத்து வந்து எவ்வளவு பணம் மிச்சமாயிற்று என்று அன்றிலிருந்து இன்றுவரை வாதம் நடக்கிறது. கப்பல், டைவர்கள், கொட்டகை, ரயில், சோதனை எல்லாவற்றையும் கூட்டினால் புதிதாகச் செய்வதைவிடப் பெரிய லாபம் இல்லை என்பவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. பணம் மட்டுமே கணக்கு என்றால் நானும் அவர்கள் கட்சி. ஆனால் திரும்பி வந்த பூஸ்டர் பேசும். எங்கே சூடு தாங்கவில்லை, எங்கே கசிந்தது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். கடலடியில் கிடக்கும் பூஸ்டரிடம் இதைக் கேட்க முடியாது.

பூஸ்டரின் துண்டுகள் சேரும் இணைப்பில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் உண்டு, ஓ-ரிங் என்பார்கள். கால் அங்குலத் தடிமன்தான். 1981 நவம்பரில் இரண்டாவது பயணம் முடிந்து பூஸ்டரைப் பிரித்தபோதே ஒரு வளையம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அரித்துப் போயிருந்தது தெரிந்துவிட்டது. 1985 ஜனவரியில், குளிரில் கிளம்பிய ஒரு பயணத்தின் பூஸ்டரைப் பிரித்தபோது முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்த கிரீஸ் கன்னங்கரேலென்று கருத்திருந்தது. வாயு முதல் வளையத்தைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ரோஜர் பாய்ஸ்ஜோலி, பூஸ்டரைத் தயாரித்த தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர். அந்தப் பயணத்தில் வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிட்டார்கள்.

1986 ஜனவரி 27 இரவு தொலைபேசியில் நடந்த கூட்டத்தில் தியோக்கால் பொறியாளர்கள் முதலில் சொன்னது இதுதான்: 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம். அந்த எண்ணைக் கொடுத்தது கடலிலிருந்து இழுத்து வந்த பூஸ்டர். அதை எடுத்து வந்த டைவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள், பிரித்துப் பார்த்தவர்களும் செய்திருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை 36 டிகிரியில், அதாவது 2 டிகிரி செல்சியஸில், சேலஞ்சர் என்னும் ஷட்டில் கிளம்பியது. 73 வினாடியில் அது சிதறியது, ஏழு பேர் போனார்கள்.

திரும்பாத நான்கில் மற்ற இரண்டு பூஸ்டர்கள் சேலஞ்சருடையவை. கட்டுப்பாடில்லாமல் பறந்த அவற்றை அழிக்கத் தரையிலிருந்து கட்டளை அனுப்பினார்கள். பிறகு பல மாதம் கடலடியைத் தேடிய பெரும் பணியில் இந்த இரண்டு கப்பல்களும் இருந்தன. வலது பூஸ்டரின் இணைப்பில் எரிந்து ஓட்டை விழுந்த துண்டு அப்படித்தான் கிடைத்தது. இணைப்பை மாற்றி, மூன்றாவதாக ஒரு வளையம் சேர்த்து, சூடேற்றியும் பொருத்தி, 1988 செப்டம்பர் 29 அன்று மறுபடி பறந்தார்கள். ஆகவே இதே வேலையை யாராவது மறுபடி தொடங்கினால், பிரித்துப் பார்ப்பவரின் அறிக்கை யாருடைய மேசைக்குப் போகும், அதைப் பார்த்து ஏவுதலை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கப்பல் வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பேன்.

இப்போது யார் கடலிலிருந்து எடுக்கிறார்கள்?

ஐரோப்பாவின் ஏரியான் 5 பூஸ்டர்களைச் சில தடவை பாராசூட்டில் இறக்கி எடுத்திருக்கிறார்கள், மறுபடி பறக்கவைக்க அல்ல, பிரித்துப் பார்க்க மட்டும். ராக்கெட் லேப் நிறுவனம் 2020 நவம்பரில் எலெக்ட்ரான் ராக்கெட்டின் முதல் கட்டத்தைப் பாராசூட்டில் இறக்கிக் கடலிலிருந்து கப்பலில் ஏற்றியது, கடலுக்குப் போய் வந்த ஒரு எஞ்சின் 2023 ஆகஸ்டில் மறுபடி பறந்தது. ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட்டின் மூக்கு மூடிகளை இன்றும் தண்ணீரிலிருந்துதான் அள்ளுகிறது. நம் பக்கத்தில் பூஸ்டர் எடுக்கும் வழக்கம் இல்லை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புபவை வங்கக் கடலில் போனால் போனவைதான். ஆனால் மனிதர்களுக்கான கலத்தின் மாதிரிகளைக் கடலிலிருந்து எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. 2014-இல் அந்தமான் பக்கம் விழுந்த மாதிரிக் கலம் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது, 2023 அக்டோபரில் ககன்யான் சோதனைக் கலம் கடலில் தலைகீழாக மிதந்தபோது கடற்படை டைவர்கள் இறங்கி மீட்டுச் சென்னைத் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

2011 ஜூலையில் கடைசி ஷட்டில் பறந்தபோது அதன் பூஸ்டர்களில் 59 முந்தைய பயணங்களில் பறந்த பாகங்கள் இருந்தன, 1981-இல் பறந்த முதல் பயணத்தின் ஒரு உறையும் அதில் அடக்கம். அந்த இரண்டையும் வழக்கம் போல இழுத்து வந்து சேர்த்தார்கள். மறு வருடம் லிபர்ட்டி ஸ்டார் வணிகக் கப்பல் கல்லூரிக்குப் போய்ப் பெயரும் மாறிவிட்டது. மிஞ்சிய ஷட்டில் உறைகளை வைத்து, நான்குக்குப் பதில் ஐந்து துண்டாக நீட்டிக் கட்டிய பூஸ்டர்கள்தான் 2022 நவம்பர் 16 அன்று நாசாவின் நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1-ஐத் தூக்கின. அவற்றில் பாராசூட் வைக்கவில்லை. முப்பது வருடம் திரும்பத் திரும்பக் கரைசேர்த்த எஃகு அன்று அட்லாண்டிக்கில் மூழ்கியது, எட்டு மைல் தள்ளி எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை.